ஆறாம் நாள்

தடிக்காரன்கோணத்தில் இறங்கி
ரப்பர் தோட்டத்துக்குள் இருபது நிமிடம் நடந்தால்
ஓடைக்கு அந்தப் பக்கம் அறுபத்தேழு சென்ட்.
பத்திரத்தில் என் பெயர் மட்டும்.
இருபத்துமூன்று பவுன் லில்லிபாயுடையது;
அதை எழுதப் பத்திரத்தில் இடம் கிடையாது.

முதல் தடவை பார்த்தபோது மழை விட்டிருந்தது.
மலையின் தோளில் மேகம் ஒரு துவர்த்து மாதிரிக் கிடந்தது.
பாறைக்கடியிலிருந்து வெள்ளம்
யாரும் கேட்காமலே வந்துகொண்டிருந்தது.
ஞாயிறு பள்ளியில் நிறம் தீட்டத் தந்த படம்,
பச்சை தீர்ந்து நான் பாதியில் விட்ட படம்,
அதே படம்.
இதுதான் என்றேன்.
லில்லிபாய்
காலில் அட்டை கடித்த இடத்துக்கு
உப்பு தேடிக்கொண்டிருந்தாள்.

பால் சொசைட்டி வேலையை விட்டேன்.
வெட்டூர்ணிமடம் வாடகை வீட்டில் அவளும் மோளும்.
சனிக்கிழமை தோறும் வருவேன் என்றேன். வந்தேன்.
பிறகு சனிக்கிழமைகளில் பன்றி வந்தது,
ஒருமுறை யானை,
ஏத்தன் குலை எடுக்கிறவனுக்கும்
சனிக்கிழமைதான் வண்டி ஒழிந்தது.

நட்டது பதினான்கு மங்குஸ்தான்.
காய்க்கப் பத்து வருடம் என்றார்கள்.
ஷைனிக்கு அப்போது ஆறு.
கூட்டிப் பார்க்காமலா இருந்தேன்?
பத்து என்பது மரத்தின் வயதாக மட்டும் தெரிந்தது.

இனி ஒன்று. யாரிடமும் சொல்லாதது.

ஒக்கி அடித்த வாரம் மோளுக்கு டெங்கு,
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி.
வழி நெடுக மரம் முறிந்து கிடந்தது,
போன் இல்லை, கரண்ட் இல்லை,
வர முடியவில்லை என்று சொன்னேன்.
ஆறாம் நாள் போய் நின்றபோது சட்டையெல்லாம் சேறு.
சேறு எனக்காகச் சாட்சி சொன்னது.
அவள் அண்ணன்கூட நம்பினார்.

வழி மூன்றாம் நாள் காலையிலேயே திறந்துவிட்டது.
மரம் அறுக்கும் சத்தம் நின்றதும் ஒரு ஜீப் வந்தது.
ஜெபசிங் தலையை வெளியே நீட்டி
"உனக்க மோளு ஆஸ்பத்திரியிலயாம், ஏறு" என்றான்.
பின்னால வாறேன் என்றேன்.

பதினான்கும் சாய்ந்திருந்தன, வேர் பாதி வெளியே.
மூங்கில் பிளந்து முட்டுக் கொடுத்தேன்.
ஒவ்வொன்றுக்கும் மண் அணைத்தேன்.
வாழைநாரால் கட்டினேன், இறுக்காமல்,
ஊசி ஏற்றிய பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கிற மாதிரி.
(அந்த உவமை அன்றைக்குத் தோன்றவில்லை.)
மூன்று நாள்.
பதினொன்று பிழைத்தன.

அவளும் பிழைத்தாள்.
அதனால்தான் இதை உவமையோடு எழுத முடிகிறது.

இந்த ஆடியில் முதல் காய்ப்பு. நாற்பத்தோரு பழம்.
துணிப்பையில் கட்டி, மடியில் வைத்து,
வடசேரி வரை யாரும் இடிக்காமல் கொண்டுவந்தேன்.
ஷைனி ஒன்றைக் கவிழ்த்து
அடியில் பூ இருந்த தழும்பின் இதழ்களை எண்ணினாள்.
ஆறு என்றாள். பிளந்தாள். ஆறு சுளை.
உள்ளே இருப்பதை வெளியே எழுதி வைக்கும் பழம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் ஏற்கெனவே போனில் பார்த்துவைத்திருந்தாள்.

லில்லிபாய் ஒரு சுளை தின்றாள்.
மெதுவாக, கண்ணை மூடி.
தோலின் கறை நைட்டியில் பட்டது.
எதைப் போட்டுத் துவைத்தாலும் அது போகாது.
"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.
"இதுக்க வெல எவ்வளவு?"

வியாபாரி சொன்ன விலையைச் சொன்னேன்.
தலையாட்டினாள்.
மீதியை எண்ணி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு.
அங்கே போய் இறங்கினால் மின்மினி இருக்கும்,
வெள்ளச் சத்தம் இருக்கும்,
போர்வைக்குள்ளும் வருகிற குளிர் இருக்கும்.
இதில் பொய் இல்லை. பரதீசுதான்.

கண்டக்டர் எத்தனை என்று கேட்டான்.
காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு
ஒன்று என்றேன்.