கண்ணாடி பாதி இறங்கிய வண்டி

தக்கலையில் ஏறும்போதே தொடங்கிவிட்டது.
டார்லாவுக்கு ஏசி வேண்டும்.
ஃபோல்கருக்குக் காற்று வேண்டும்.
எனக்கு டீசல் கணக்கு.
கடைசியில் ஏசியும் ஓட,
இடப்பக்கக் கண்ணாடி பாதி இறங்க,
ஆனி மழை உள்ளே வந்து
மூன்றாவது ஆளாக உட்கார்ந்தது.

அரை நிமிடத்தில் என் பெயர் கேட்டார் டார்லா.
கனகதாஸ்.
எவ்வளவு அழகு, என்றார்.
நாற்பத்தொரு வருடத்தில்
அப்படிச் சொன்ன முதல் ஆள் ஒஹாயோக்காரி.
ஃபோல்கர் ஒன்றும் சொல்லவில்லை.
கிலோமீட்டர் எண்ணை மட்டும்
சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.
எழுதினால் வ, சொன்னால் ஃப என்று
மார்த்தாண்டத்து டீச்சர் சொன்னது
அவர் பெயரில் சரியாக இருந்தது.

ஆமாம், ஜெர்மன் படிக்கிறேன்.
ஜெரோலின் காசல் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ்,
மூன்று வருடமாக.
அவளுடைய அக்கா டல்லாசில்.
ஒருத்தி சொல்கிறாள்:
"பனியிலயும் சன்னலத் தொறந்து வைக்காங்க."
மற்றவள் சொல்கிறாள்:
"கோயிலுக்குள்ளயும் ஏசி, சால்வை இல்லாம முட்டுபோட முடியாது."
ஜெரோலினுக்கு இப்போது அங்கேயும் வேலை கிடைக்குமாம்.
"எங்க வாறிய, சொல்லுங்க" என்று
இரவு பத்தரைக்குக் கேட்கிறாள்.
சிக்னல் போய்விட்டதென்று நான் சொல்கிறேன்.

கேட்டல் தேர்வில் இரண்டு முறை தோற்றவன்
பின்சீட்டுச் சண்டையை
ஒரு சொல் விடாமல் கேட்டேன்.
அது இங்கிலீஷில் நடந்தது.

"உன் ஊரில் ஆறு வருடம் இருந்தேன்.
எதிர்வீட்டுக்காரி ஒரே ஒரு நாள் பேசினாள்,
குப்பையை மாறிப் போட்டதற்கு."

"உன் ஊரில் இரண்டு வருடம் இருந்தேன்.
தெருவே என்னை விருந்துக்கு அழைத்தது.
தேதிதான் யாரும் சொல்லவில்லை."

புலியூர்க்குறிச்சிக் கோட்டைக்குள்
வண்டியை மரத்தடியில் போட்டேன்.
குளச்சலில் தோற்று,
தோற்கடித்த ராஜாவுக்கே படை பழக்கி,
இங்கேயே மண்ணான ஐரோப்பியத் தளபதி.
கல்லில் லத்தீன், கல்லில் தமிழ்.
லத்தீனை ஃபோல்கர் எழுத்துக்கூட்டினார்:
நில், வழிப்போக்கனே.
தேய்ந்த தமிழை நான் விரலால் தடவினேன்.
டார்லாவுக்கு இரண்டும் தெரியாது.
குடையை மூவருக்கும் பிடித்துக்கொண்டு நின்று
கடைசியில் கேட்டார்:
"திரும்பிப் போக ஆசைப்பட்டாரா?"
அதைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை.

பிறகு திங்கள்நகர் வரை யாரும் பேசவில்லை.
அங்கே மட்டிப்பழம் வாங்கினோம்.
தோலை எங்கே போடுவதென்று
ஃபோல்கர் முட்டம் வரை கையிலேயே வைத்திருந்தார்.

முட்டத்தில் இறங்கியதும்
டார்லா என் இரண்டு கையையும் பிடித்து
எண்ணாமல் ஐந்நூறு வைத்தார்.
"கட்டாயம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்."
எந்த வீடு என்பதுபோல்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
ஃபோல்கர் ரசீது கேட்டார்.
பதினொரு ரூபாய் கூடுதல் என்று திருத்தினார்.
பிறகு ரசீதைத் திருப்பி
அவருடைய அம்மாவின் முகவரியை எழுதினார்,
பின்கோடு முதற்கொண்டு.
கீழே ஒரு வரி:
இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவிக்கவும்.

கலங்கரை விளக்கம் பின்னால் போனது.
நனைந்த சீட்டில் துண்டு விரித்திருந்தேன்.
டீச்சர் சொல்லியிருக்கிறாள்,
ஆணுக்கு டேர், பெண்ணுக்கு டீ,
இரண்டும் இல்லாததற்குத் தாஸ்.
என் பெயரில் பாதி
அங்கே அஃறிணை.
ஜன்னலும் அப்படித்தானாம்.

பத்தரைக்கு போன் வந்தது.
"சத்தம் கேக்குதே, எங்க இருக்கிய?"
தாஸ் ஃபென்ஸ்டர் இஸ்ட் ஓஃபன், என்றேன்.
சிரித்தாள்.
"அப்ப இஞ்சதானா?"
ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது.
அதைச் சொல்லவில்லை.