மூன்று நாள் கதவு கிடையாது

முதல் நாள் வெறும் சாப்பாடு.
கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் வடக்குச் சரிவில்
எரிந்து அணைந்து இன்னமும் புகைகிற இடத்துக்குக்
கொஞ்சம் தள்ளி
இரண்டு டிரம் கவிழ்த்தோம்.
மூலக்கடை மண்டபத்தில் மிஞ்சிய குஸ்கா,
காசிமேட்டு மீன்குடல்,
நசுங்கிய பலா,
எல்லாவற்றுக்கும் மேல் வெல்லம் கரைத்து
வெயிலில் இரண்டு நாள் புளித்த கழனித்தண்ணீர்.
நீங்கள் மூக்கைப் பொத்துவீர்கள்.
பன்றிக்கு அது
பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி.

"ஒண்ணும் பண்ணாதே, பாக்கவும் பாக்காதே,
தின்னுட்டுப் போவட்டும்"
என்றான் ஜக்கையா.
சூளூர்ப்பேட்டைக்காரன். அவனுக்குத் தலைக்கு இவ்வளவு,
எனக்கு நாள்கூலி.
இருட்டில் அவன் தெலுங்கில் எண்ணுவான்
நான் தமிழில் எழுதிக்கொள்வேன்.
பதினேழு.

இரண்டாம் நாள் மூன்று பக்கம் கம்பித்தட்டி.
வந்தன. தின்றன.
முன்னால் வந்த தாய்ப்பன்றிக்கு
இடது காதில் பாதி இல்லை.
வளர்த்தவன் போட்ட அடையாளமா
நாய் கடித்ததா
புல்டோசர் உரசியதா, யார் கண்டது.
சூப்பர்வைசர் பாரத்தில்
'உரிமையாளர் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

மூன்றாம் நாள் நாலாவது பக்கம் சட்டம் மட்டும்,
கதவு இல்லை.
தாய்ப்பன்றி சட்டத்துக்கு அடியில் நின்றது.
பன்றிக்கு வானம் தெரியாது என்பார்கள்.
இது கழுத்தைத் திருகி
மேலே பார்த்தது.
மணலி ஆலைப் புகைபோக்கியின் நெருப்பு
அதன் கண்ணில் கடுகளவு எரிந்தது.
பிறகு உள்ளே போனது.
பின்னால் எல்லாமும்.

எங்கள் தெரு கால்வாய்க்கரையில் இருந்தபோது
ஒரு வாரம் மருத்துவ முகாம் போட்டார்கள்.
கொசுவலை, பால்பவுடர்,
சனிக்கிழமை ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம்.
வரிசையில் நின்று கைரேகை வைத்தோம்.
அடுத்த வாரம் சுவரில் சிவப்புப் பெயின்டில் எண்.
எங்களுடையது 114.
இப்போது ஏழாவது மாடி,
இங்கே வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.
பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.
பொய் சொல்லக் கூடாது.

நான்காம் இரவு கதவை ஏற்றினோம்.
சட்டத்தின் உச்சியில் தொங்கும் இரும்புத்தகடு,
கயிறு லாரி கேபின் வரைக்கும்.
சத்தம் வரக்கூடாதென்று
தடத்தில் கிரீஸ் தடவியது நான்தான்.
கிரீஸ் வாசனையோ என் வாசனையோ,
தாய்ப்பன்றி வாசலில் நின்றுவிட்டது.
மேலே பார்த்தது.
வெகுநேரம் பார்த்தது.
குட்டிகளுக்கு யார் சொல்வது?
அவை அதன் வயிற்றுக்கடியில் நுழைந்து
பலாச்சுளைக்கு ஓடின.
ஜக்கையா பொறுத்தான், பீடியை அணைத்தான்,
இன்னும் பொறுத்தான்.
விட்டான்.

பதினாறு.
தாய்ப்பன்றி ஓடவில்லை.
கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து
மூக்கால் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தது.
விடிந்து லாரியில் ஏற்றும்போது
எடைமேடை வரை கூடவே வந்தது.
காவலாளி பிரம்பால் தகரத்தைத் தட்டி விரட்டினான்.

வீட்டில் சலேத் சொன்னாள்,
"கையை இன்னொரு தடவை கழுவிட்டுப் புள்ளயத் தூக்கு."
மூன்று தடவை கழுவியிருந்தேன்.

ஐந்தாம் நாள் நான் டிரம்மை உருட்டிக்கொண்டு போனேன்.
ஜக்கையா தலையை ஆட்டினான்.
"சோறு வேணாம்."
சாக்கை அவிழ்த்தான்.
உள்ளே ஒரு குட்டி,
நேற்று பதினாறில் அவன் நிறுத்திவைத்தது.
தூக்கினேன். சூடாக இருந்தது.
என் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பியது.
பால் வராததால் கடித்துப் பார்த்தது,
மறுபடி சப்பியது.
கூண்டின் கோடியில் காலைக் கட்டி விட்டேன்.
கத்தியது.

ஜக்கையாவுக்குக் காய்ச்சல்,
கயிறு அன்று என் கையில்.
இருட்டக்கூட இல்லை,
கொசு இன்னும் கிளம்பவில்லை,
குப்பைச் சரிவில் பாதிக்காது தெரிந்தது.
நேரே வந்தது.
வாசலில் நிற்கவில்லை.
மேலே பார்க்கவில்லை.