எட்டுத் துளை, ஐந்து திருகாணி

புதுவயல் சாலையில்
அரிசி ஆலையாய் இருந்த கொட்டகை.
மழை பிடித்தால் இன்னும் தவிட்டு வாடை வரும்.
இப்போது இங்கே
உருளும் வீடுகள் செய்கிறோம்:
கட்டில், கழிவறை, கைகழுவும் தொட்டி,
இரண்டு பர்னர் அடுப்பு,
எல்லாம் ஒரு வேனின் முதுகில்.

பதினேழாம் எண் வண்டி திரும்பி வந்திருக்கிறது.
வால்பாறை மழையில் கூரை ஒழுகி
மெத்தை ஊறிப்போனதாம்.
அவர்கள் வீட்டுப் பையன்
சோற்றுக் குண்டானை மடியில் வைத்து
விடியும்வரை நீர் பிடித்தானாம்.

“பிரி, பஞ்சவர்ணம்” என்றார் உடையப்பன்.
பிரித்தேன்.

பலகைக்குப் பின்னால்
நசுங்கிய டீ கப்.
இடது கையுறை ஒன்று.
எட்டுத் துளை, ஐந்து திருகாணி.
பசையின் ஓரத்தில்
காய்ந்து கிடந்தது ஒரு விரல்தடம்.
யாரும் பார்க்காதபோது
என் கட்டைவிரலை அதில் வைத்தேன்.
உட்கார்ந்துகொண்டது.

மாசிக் கடைசி.
மாதம் ஆறு வண்டி என்றிருந்ததை
ஒன்பது ஆக்கிய மாதம்.
பசை காய ஒரு முழு நாள் வேண்டும் என்று
டப்பாவிலேயே அச்சடித்திருக்கும்.
எங்களுக்கு வாய்த்தது ஒரு டீ நேரம்.
வண்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி,
காய்வதற்கு யார் தருவார்?
திருகாணி பாதியில் தீர்ந்தது.
ஸ்டோர் சாவி
காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தது.
“அஞ்சு போதும், மூடு.”
இந்த வாக்கியம் மட்டும்
எந்தத் தாளிலும் இல்லை.

சோதனைத் தாளில் இருபத்துமூன்று கட்டம்.
இருபத்துமூன்றிலும் ‘சரி’,
ஒரே பேனா, ஒரே மூச்சு.
கீழே சுதாம் மாஜியின் கையெழுத்து.
தமிழ் படிக்கத் தெரியாதவன்,
நீட்டிய இடத்தில் ஒடியாவில் போட்டிருக்கிறான்.
அந்த எழுத்துகள்
ஆளுக்கொரு குடை பிடித்தபடி நிற்கும்.

பங்குனியில் ஊருக்குப் போனவன் வரவில்லை.
பன்னிரண்டு நாள் சம்பளம்
இங்கே கிடக்கிறது.
“அவன் வேலைதான? அதுல கழிச்சிருவோம்”
உடையப்பன் சட்டைப் பையில் பேனாவைத் தடவினார்.
என் கொண்டையில் பென்சில் இருந்தது.
கொடுக்கவில்லை.

“அது என் கை” என்றேன்.
“எது?”
தடத்தைக் காட்டினேன்.
குனிந்தார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி குனிந்தார்.
“மூணு ஆணியும் உன் கணக்கா?”
“அது ஸ்டோர் கணக்கு” என்றேன்.
“மூடுன்னது...”
முடிக்கவிடாமல் அவருக்குப் போன் வந்தது.
வராமலே காதில் வைத்தாரோ என்னவோ.

எட்டும் போட்டேன்.
புதுப் பசை இழுத்து,
தொடாதே என்று சுண்ணக்கட்டியால் எழுதி
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கூலியில்லாத மணிகள்
இவ்வளவு நீளம் என்று தெரியாது.

எதிரே
வாசலைப் பார்த்து நிற்கிறது முப்பத்தொன்று.
கண்ணாடியில் மாலை போட்டு,
சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தாயிற்று.
நாளைக் காலை டெலிவரி.
அதன் பலகைக்குப் பின்னால்
எத்தனை துளை வெறுமையென்று
பிரிக்காமலே எனக்குத் தெரியும்.