முக்கால் லிட்டர் வெள்ளம்

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர்.
தூத்துக்குடியில் வேலை பார்த்த எட்டு வருடமும்
இதற்காகச் சிரித்தார்கள்.
குடிக்க வெள்ளம் கேட்டால்
ஆபீசை முக்கிடாதே தாயே என்பார் கேன்டீன்காரர்.

இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.
களியக்காவிளை தாண்டி
செவ்வாயும் வெள்ளியும்
அப்பாவின் ரத்தத்தை அலசித் தரும் ஆஸ்பத்திரியில்
சிஸ்டர் ஷைனி விரல் நீட்டிச் சொல்கிறாள்:
நாளைக்கு முக்கால் லிட்டர் வெள்ளம்.
கூடினால் நெஞ்சில் கெட்டும்.
அவளுக்கும் அது வெள்ளம்தான்.
அந்தச் சொல்லுக்கு மட்டும் செக்போஸ்ட் கிடையாது.

விடிந்ததும் ஊறுகாய்க் குப்பியில் அளந்து வைக்கிறேன்,
பேனாவால் கோடு போட்டு.
மாத்திரைக்கு இவ்வளவு. கஞ்சிக்கு இவ்வளவு.
மிச்சம் அவர் இஷ்டம்.
இஷ்டம் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

பிறகு கிணற்றடிக்குப் போவோம்.
பூவாளி பத்து லிட்டர் பிடிக்கும்.
ஊசி ஏறும் இடக்கையால் கனம் தூக்கக் கூடாது,
வலக்கைக்குத் தெம்பில்லை.
ஆகவே தூக்குவது நான்,
சாய்ப்பது மட்டும் அவர்.
வழுதலைக்குக் கொஞ்சம்,
பயற்றுக்குக் கொஞ்சம்,
தக்காளிக்கு, மண் போதும் என்று சொல்லும்வரை.
எனக்கு மண் சொல்வது கேட்காது,
தோள்பட்டை சொல்வது கேட்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய
கூடாதுப் பட்டியலை
அப்படியே மண்ணில் நட்டு வைத்திருக்கிறார்:
தக்காளி, சிவப்புச் சீரை,
மூலையில் இரண்டு மூடு ஏத்தன் வாழை.
ஒன்றும் அவர் வாய்க்குப் போகாது.
செவ்வாய்தோறும் ஒரு பை எல்லை தாண்டிப் போய்
ஷைனி வீட்டுக் குழம்பில் சேர்கிறது.
"அந்தப் பிள்ளைக்கு ரத்தம் காணாது" என்கிறார்,
மெஷினிலிருந்து எழுந்து வந்த மனிதர்.

அம்மாவுக்கு வேறு வியாதி.
இரண்டு வருடமாய் வலக்கை அவள் பேச்சைக் கேட்பதில்லை.
கரண்டி பிடித்தால் குழம்பு சேலையில்.
ஜெபப்புத்தகம் பிடித்தால் எழுத்து ஓடும்.
ரவிக்கைக் கொக்கியை நான் மாட்டும்போது
சுவரிலுள்ள காலண்டரையே பார்ப்பாள்.

சீரை விதை கடுகுக்கும் சின்னது.
மணலில் கலந்து தூவினாலும்
என் கைக்கு ஒரே இடத்தில் கொட்டும்.
முளைத்தபின் பாதியைப் பிடுங்கி எறிய வேண்டும்.
"இங்க தா" என்றாள் ஒருநாள்,
பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்திக்கு இழுத்துப் போட்டு.
பாதி மூடிய கைக்குள் விதை.
அவள் ஒன்றும் செய்யவில்லை.
கை தன்பாட்டுக்கு ஆடியது,
விதை தன்பாட்டுக்கு உதிர்ந்தது.
நாற்காலியை மட்டும் நான் நகர்த்தினேன்,
நாலு தடவை.

ஐந்தாம் நாள் பார்த்தால்
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
நெருக்கமும் இல்லை, சொட்டையும் இல்லை.
"றோஸ்லெட், இது மெஷின் போட்டது மாதிரில்லா இருக்கு"
என்றார் அப்பா.
மெஷின் என்றால் அவருக்குத் தெரியும்.
அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
வேறு யாரோ வாங்கி வந்த மீனைப் பார்ப்பதுபோல.

தம்பி சார்ஜாவிலிருந்து வீடியோவில் கேட்டான்,
எப்படி இருக்காங்க?
கிரியாட்டினின் ஏறியதைச் சொல்லவில்லை.
போனைத் திருப்பிப் பயறு ஏறியதைக் காட்டினேன்.
பலாமரத்தடிக்குப் போனதும் லைன் அறுந்து
கேரளம் வரவேற்கிறது என்று மெசேஜ் வந்தது.
நல்லதாய்ப் போயிற்று.

நேற்று சாயங்காலம்
பூவாளியின் கடைசி வெள்ளத்தை
அப்பா உள்ளங்கையில் ஏந்தினார்.
நான் வாய் திறக்குமுன் அது அவர் வாயில்.
கொப்பளித்தார்.
இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும்
அவசரமே இல்லாமல்.
கண்ணை வேறு மூடிக்கொண்டார்.
அம்மாவும் நானும் அவர் தொண்டையையே பார்த்து நின்றோம்.

பிறகு குனிந்து
தக்காளி மூட்டில் துப்பினார்.

எல்லாமுமா, என்றேன்.

"அளந்து பாரு மக்களே."