நான்கு விரல்

துறை தந்த எஃகு நாடாவில்
இந்தப் பள்ளி முழு எண்ணாய் நிற்பதேயில்லை.
நீளம் பதினேழு புள்ளி இரண்டு எட்டு.
அகலம் ஐந்து புள்ளி ஏழு ஆறு.
மூன்றாம் நாள் மத்தியானம், சும்மா இருக்க முடியாமல்
எழுபத்திரண்டு சென்டிமீட்டரால் வகுத்துப் பார்த்தேன்.
இருபத்து நான்கு. எட்டு.
மீதமில்லை.

கோல்! இருபத்து நாலு விரல் கொண்ட ஆசாரிக் கோல்.
தோட்டுக்கு மேலே சாஸ்தா கோயிலை எழுப்பியவன்
இதையும் எழுப்பியிருக்கிறான்,
இல்லையென்றால் அவன் மச்சான்.
தூண் தலையில் அதே வாழைப்பூ முனை.
கல்விளக்கில் அதே ஐந்து திரிக் குழி.
உச்சியில் மட்டும் அன்னத்தைக் கழற்றிவிட்டுச்
சிலுவை செருகியிருக்கிறது.

வாசல் உயரம் இரண்டே கோல்.
முதல் நாளே நெற்றியில் வாங்கினேன்.
"பேடிக்காண்டாம் மேடம், பிஷப்புக்கும் வீங்கிச்சு"
என்றார் கப்பியார் லூக்கோஸ்,
ஈரத் துணியை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு.

உள்ளே வெட்டுக்கல் சுவர், கைநீட்டிப் படுத்தால் தீராத கனம்.
சன்னல் கட்டியவர்கள் வைத்ததல்ல;
வெளிச்சம் வேண்டும் என்று யாரோ ஒரு பரங்கிப் பாதிரி
பின்னால் வந்து துளைத்திருக்க வேண்டும்.
உளி பட்ட விளிம்பு இன்னும் கோபமாய் இருக்கிறது.
மேலே அயனிக் கழுக்கோல் நாற்பது,
அதில் ஒன்று மாத்திரம் பலா.
ஏன் என்று கேட்க ஆளில்லை.

வடசுவரில் ஒரு கல் தலைகீழ்.
வட்டெழுத்து தெரியாத கொத்தன் வைத்த கல்.
போனைத் திருப்பிப் படம் எடுத்து அனுப்பியதில்
கல்வெட்டுக்காரர் மாலையில் சொன்னார்:
கொல்லம் ஐந்நூற்றுச் சொச்சம்;
சந்தி விளக்குக்கு நிசதம் ஆழாக்கு எண்ணெய்;
இது முடக்குவான்
அதோடு கல் முடிகிறது.
சாபத்தின் மிச்சம் எந்த வீட்டுத்
துணி துவைக்கும் கல்லாய்க் கிடக்கிறதோ.

பிறகுதான் அந்தக் கோணல்.
பலிபீட அறை தெற்கே சாய்கிறது,
சரியாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
சிலுவையில் கர்த்தர் தலை சாய்த்த பக்கம் என்றார் அச்சன்.
ஆசாரிக்கு அன்று கள் கூடிப்போச்சு என்றார் லூக்கோஸ்.
அஸ்திவாரத்தின் ஓரம் கொஞ்சம் தோண்டினேன்:
பாறை. எருமை முதுகு போலக் கறுத்து.
உடைக்கவில்லை, ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

ஐம்பத்தாறில் மாநிலம் பிரித்தவர்கள்
நேராகத்தான் போனார்கள், தோட்டின் நடு வழியே.
பள்ளி தமிழ்நாடு. கல்லறைத் தோட்டம் கேரளம்.
எழுபத்தைந்து அடி.
அதுவரை யாரும் அதைத் தூரம் என்று நினைத்ததில்லை.

நோய்க்காலத்தில் பிரிஜித்தம்மாள் செத்தார்.
பாலத்தில் இரும்புத் தடுப்பு, இரு பக்கமும் போலீஸ்,
நடுவே பெட்டி.
பாஸ் கேட்டார்கள்.
லூக்கோஸ் போனில் படிவம் நிரப்பினார்:
பெயர். வயது எண்பத்தொன்று. பயண நோக்கம், அடக்கம்.
திரும்பும் தேதி?
வெறுமையாய் விட்டால் படிவம் நகரவில்லை.
"காலண்டரைப் புரட்டி
அடுத்த உயிர்ப்பு ஞாயிறு என்னைக்குன்னு பாத்துப் போட்டேன் மேடம்.
ஏப்ரல் நாலு.
உடனே எடுத்துக்கிச்சு."
சிரிக்காமல்தான் சொன்னார்.
நானும் சிரிக்கவில்லை, அப்போது.

அறிக்கையில் ‘குறைபாடுகள்’ என்றொரு பத்தி உண்டு.
ஓடு ஒழுகல் எழுதினேன். கரையான் எழுதினேன்.
கோணல் என்று எழுதி, அடித்து,
‘அளவுகள்’ பத்திக்குக் கொண்டுபோனேன்:
தெற்கே, நான்கு விரல்.
மேலதிகாரி கேட்பார், விரலா, யாருடைய விரல் என்று.

நாடாவைச் சுருட்டிக்கொண்டு,
பதில் யோசித்தபடி வெளியே வந்தேன்.
மறுபடி நெற்றியில்.