ஓவர்டைம்

விடிகாலை நாலே முக்காலுக்கு
டோக்கனின் அடிவயிற்றைத் தடவுகிறேன்.
தொடைக்கு முன்னால், தோலுக்கு உள்ளே
ஓர் எலுமிச்சம்பழம் நழுவும்.
அதுதான் பை.
இரு பக்கமும் விரலை வைத்துப்
பிழியக் கூடாது.
கேட்க வேண்டும், வருகிறாயா என்று.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சூடாக,
மனை விற்பனை விளம்பரத்தின் மேல்
நீளமாய் ஒரு கோடு.

ஐந்து நாற்பதுக்குக் கம்பெனி பஸ்.

ரேஷன் கடை வரிசையில்
அறுபத்தொன்றாம் டோக்கனோடு நின்றபோது
பைபாஸ் பக்கமிருந்து
முன்னங்கால்களால் ஊர்ந்து வந்தது.
சர்க்கரை வாங்காமல் தூக்கிவந்தேன்.

ஆம்பூர் மாட்டாஸ்பத்திரியில்
எனக்கு முன்னால் ஒரு சினை எருமை, பிறகு மூன்று ஆடுகள்.
டாக்டர் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.
"பின்னங்கால்ல இனிமே உயிர் வராதும்மா.
மூத்திரம் நீதான் எடுக்கணும். மூணு வேளை."
"எத்தினி நாளைக்கு சார்?"
அவர் அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

மத்தியான வேளைக்குப்
பக்கத்து போர்ஷன் ஷாஹீன் வருகிறாள்,
மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
ஒரு நாளும் தவறாமல்.

இன்னொன்று மல்லாட்டை.
குட்டியிலேயே சீழ் வைத்துக் கண் இரண்டும் போனது.
அதற்கு வீடு மனப்பாடம்:
கட்டில் கால், சிலிண்டர், குடம், டோக்கன்.
குடம் ஒரு சாண் நகர்ந்தாலும் நெற்றியில் இடி.
இரண்டு வருஷமாக நான் எதையும் நகர்த்தவில்லை.
அம்மா தவணையில் வாங்கி அனுப்பிய பீரோவை
வண்டியோடு திருப்பி அனுப்பினேன்.
அம்மா இன்னும் பேசவில்லை.

நான் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன்.
ஏதோ குளிர்தேசத்துப் பெண்களுக்கு,
முப்பத்தெட்டாம் சைஸ்,
இடது, வலது, இடது, வலது.
டோக்கனின் தொடை தரையில் தேய்ந்து புண்ணானபோது
கழிவுக் கூடையிலிருந்து ஒரு துண்டு
லைனிங் தோலை எடுத்தேன்.
கேட்டில் பிடித்தார்கள். சம்பளத்தில் முந்நூறு போனது.
துண்டு என்னோடு வந்தது.
உறைபோல் தைத்து இடுப்பில் மாட்டிவிட்டேன்.
எந்த ஆட்டின் வயிறோ
இந்தப் பூனையின் வயிற்றைத் தாங்குகிறது.
அதைப் பற்றி ராத்திரியில் யோசிப்பதில்லை.

ஆர்டர் குவிந்த மாதம்
ராத்திரி பத்துவரை ஓவர்டைம் என்றார்கள்.
"என்னால ஆவாது சார்,
வூட்ல ஒருத்தருக்கு மூத்திரம் எடுக்கணும்."
சூப்பர்வைசர் முனிரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார்.
"மாமனாருக்கா?"
நான் தலையாட்டினேனோ,
கழுத்து வலிக்கு அசைத்தேனோ.
"போம்மா, போ.
அந்தப் புண்ணியம் எத்தினி பேருக்கு வாய்க்கும்."

ஞாயிற்றுக்கிழமை
சுகுணாவும் தபஸ்ஸுமும் வந்துவிட்டார்கள்
பெரியவரைப் பார்க்க.
அரை டஜன் சாத்துக்குடி, ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ்.
பையை நட்டநடுவில் வைத்தார்கள்.
மல்லாட்டை வந்து அதில் முட்டி நின்றது.
கட்டிலுக்கடியிலிருந்து
தோலுறை சரசரக்க டோக்கன் இழுத்துவந்தது தன்னை.

சுகுணா உள்ளறையை எட்டிப் பார்த்தாள்.
வீட்டில் உள்ளறை கிடையாது.
"இதுக்காடி?"
மாதம் நாலாயிரம் வந்திருக்கும். அவள் கணக்கில் கெட்டி.
நான் தினத்தாளை விரித்தேன்.
வேளையாகிவிட்டது, என்ன செய்ய.

தபஸ்ஸும் என் கையை விலக்கினாள்.
வளையலை மேலே தள்ளிவிட்டுக்
குந்தி உட்கார்ந்து,
ஒரே தடவலில் எலுமிச்சையைக் கண்டுபிடித்துவிட்டாள்.
யாருக்கு எடுத்த கை என்று நான் கேட்கவில்லை.
கோடு வந்தது.
சுகுணா ஒன்றும் பேசாமல்
பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
மல்லாட்டை குடம்வரை போயிற்று.

திங்கட்கிழமை மெஷின் ஓரம் நின்று
முனிரத்தினம் கேட்டார்:
"பெரியவர் எப்டிம்மா?"
என் வாயில் நூல்.
அடுத்த மெஷினிலிருந்து தலைதூக்காமல் சுகுணா:
"அப்டியேதான் கீறாரு சார்.
நேத்து ஹார்லிக்ஸ் குடிச்சாரு."