எழுபது சென்டிமீட்டர்

ஏரியின் தோல் இன்று முக்கால் மீட்டர்.
துளை போட்டு அளந்து சொல்வது என் வேலை.
லாரியே ஏறலாம் என்றேன்.

இடது சக்கரங்கள் பனிக்கட்டியில்,
வலது சக்கரங்கள் சூடேற்றிய தாரில்.
ஃப்ரீடெரிக்கே மிதிக்கிறாள்.
வண்டி ஒருபக்கமாய் இழுத்து,
குளிரில் பல் கிட்டுவதுபோல்
பிடித்து விட்டு பிடித்து விட்டுப்
பிடித்து
நிற்கிறது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து இத்தனை தூரம்,
இத்தனை வேகம்,
நிற்பதற்கு.

இறுக்கிப் பிடித்தால் வழுக்கிவிடும், டோர்கெல்,
இடையிடையே விட வேண்டும் என்கிறாள்.
என் விவாகரத்து ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை.

பதினெட்டாம் ஓட்டம். நேற்றைவிட
எழுபது சென்டிமீட்டர் முன்னதாக நின்றிருக்கிறது.
திரையைத் திருப்பிக் காட்டுகிறாள்.
இதற்கா இரண்டு மாதம்?
கையுறைக் கைகளை விரித்துப் பார்த்தேன்.
டிசம்பரில், ஏரி வளைவில்,
பள்ளிப் பேருந்தின் முகப்புக்கும்
நீலாஸின் சினைத் துருவமானுக்கும் நடுவே
இவ்வளவு இருந்திருந்தால்...
அவன் நஷ்டஈடு வாங்கினான்.
கொம்பை இன்னும் சுவரில் மாட்டவில்லை.

மூன்று மணிக்கே இருட்டு.
மடிக்கணினியை அணைத்தபடி இறங்கியவள்
ஓரடி வைத்தாள், ஐந்தடி போனாள்.
பூட்ஸுக்கு இன்னும் யாரும் செய்யவில்லை.
முழங்கையைப் பிடித்தேன்.
நின்றதும்
விட்டேன்.

நாளைக்கு இன்னும் இருபது ஓட்டம்.
புதுத் துளை போட வேண்டும்.